6. நடு ஆட்டம்: சும்மா நிற்கும் காய்க்கு வேலை கொடுங்கள்

மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து வரும் பத்து வயதுப் பையன் ஒருவன் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்திருந்தான். முதல் பத்து நகர்வுகளை மளமளவென்று ஆடினான். குதிரைகள் வெளியே வந்தன, பிஷப்புகள் வெளியே வந்தன, ராஜா கோட்டைக்குள் போயிற்று. பதினோராவது நகர்வில் அவன் கை பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது.

“சார், எல்லாம் ஆடியாச்சு. இப்ப என்ன ஆடுறது?”

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ராஜாவுக்கு முன்னால் நின்ற ஜி2 சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அடுத்த பத்து நகர்வுக்குள் அந்த ஓட்டை வழியாகவே எதிராளியின் ராணி உள்ளே புகுந்து ஆட்டத்தை முடித்தது. காய்களைத் திரும்ப அடுக்கும் முன் ஏ1 கட்டத்தைக் காட்டினேன். அங்கிருந்த யானை ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட அசையவில்லை. “ஒரு யானையைக் கீழே வச்சிட்டு ஆடியிருக்கே தம்பி” என்றேன். பையன் வெகுநேரம் அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்த அத்தியாயம். சுருக்கமாகச் சொன்னால்: என்ன ஆடுவது என்று தெரியாதபோது பெரிய நகர்வைத் தேடாதீர்கள், சும்மா நிற்கும் காயைத் தேடுங்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். நடு ஆட்டத்தில் திட்டம் என்பது பெரும்பாலும் இதுதான்.

முதலில் பெயர்களை ஒத்துக்கொள்ளுங்கள்

மும்பையில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பள்ளிக்கூடத்தில் இந்தியிலும் மராத்தியிலும் ராணியை ‘வஜீர்’ என்பார்கள்; பிஷப்பை ‘ஊண்ட்’ என்பார்கள், ஒட்டகம் என்று பொருள். வீட்டில் தாத்தாவோ பிஷப்பை ‘மந்திரி’ என்பார். வஜீர் என்றாலும் மந்திரிதான். “மந்திரியைக் காப்பாத்து” என்று தாத்தா சொன்னால் பிள்ளை ராணியை நகர்த்தும். ஆகவே வீட்டில் ஆடும் முன் பெயர்களை ஒத்துக்கொள்ளுங்கள். இந்நூலில் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே வரும். கட்டங்களுக்கு முதல் அத்தியாயத்தில் பழகிய ஏ1 முதல் எச்8 வரையிலான பெயர்கள்தான்.

நடு ஆட்டம் எங்கே தொடங்குகிறது

மணி அடித்துச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் மூன்று அடையாளங்கள் உண்டு: குதிரைகளும் பிஷப்புகளும் முதல் வரிசையை விட்டு வந்துவிட்டன; ராஜா கோட்டை கட்டிக்கொண்டது; இரண்டு யானைகளுக்கும் நடுவே வேறு காய் இல்லை. மூன்றாவது அடையாளத்தைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இதுவே கடினமானது. தொடக்கத்தை மனப்பாடம் செய்யலாம். இறுதி ஆட்டத்தைக் கணக்குப் போலக் கற்கலாம். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால், எந்த நிலைக்கு எது முடிவு என்பதைக் கணினிகள் முழுக்கக் கணக்கிட்டே வைத்திருக்கின்றன. நடுவில் மனப்பாடமும் உதவாது, முழுக் கணக்கும் முடியாது. அங்கே நம்மைக் காப்பாற்றுபவை நல்ல கேள்விகள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுங்கள்.

முதல் கேள்வி: எதிரே இருப்பவர் எங்கே இறங்கப் போகிறார்?

தாதரில் ஸ்லோ லோக்கல் ஏறியவர்களுக்கு இது தெரியும். சயானில் இறங்க வேண்டியவர் மாட்டுங்கா வரும்போதே கதவுப் பக்கம் நகரத் தொடங்கிவிடுவார். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, “சயான் உதரேகா க்யா?” என்று கேட்பார். அவரும் இறங்குகிறார் என்றால் பின்னாலேயே நிற்கலாம். குர்லா என்றால் இப்போதே இடம் மாற வேண்டும். வண்டி நின்ற பிறகு இடிப்பதில் பயனில்லை.

பலகையில் எதிராளியிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆனால் அவர் ஆடிய கடைசி நகர்வு பாதிப் பதிலைச் சொல்லிவிடும். அதைப் பார்த்து மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது? இதுவரை காத்துக்கொண்டிருந்த எதைக் கைவிட்டது? இன்னொரு நகர்வும் அவருக்கே கிடைத்தால் என்ன செய்வார்?

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் கறுப்பு. உங்கள் ராஜா ஜி8-இல், யானை எஃப்8-இல், குதிரை எஃப்6-இல். வெள்ளை தன் பிஷப்பை சி2-இல் வைத்திருக்கிறது. இப்போது ராணியை டி3-க்குக் கொண்டுவருகிறது. பார்வைக்குச் சாதுவான நகர்வு. ஆனால் இரண்டும் ஒரே மூலைவிட்டத்தில் எச்7 கட்டத்தை நோக்கி நிற்கின்றன. எஃப்6 குதிரைதான் அந்தக் கட்டத்துக்குக் காவல். அந்தக் குதிரையை ஏதோ ஒரு சிப்பாயைப் பிடிக்க அனுப்பினால், ராணி எச்7-இல் இறங்கும், ஆட்டம் முடிந்தது. “எங்கே இறங்கப் போகிறார்” என்று ஒரு கணம் கேட்டிருந்தால், ஜி6-க்குச் சிப்பாயை நகர்த்தி அந்த வழியை அடைத்திருக்கலாம்.

பயிற்சியில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையில் பாருங்கள்: அவர் எனக்கு எங்கெல்லாம் செக் கொடுக்கலாம், எதையெல்லாம் வெட்டலாம், எதையெல்லாம் மிரட்டலாம். அரை நிமிட வேலை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த அரை நிமிடத்தைச் செலவிடாததால் வந்தவை.

இரண்டாம் கேள்வி: என் காய்களில் எது சும்மா நிற்கிறது?

இதற்கு மிகச் சிறந்த பாடம் ஆனந்த் ஆடிய ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையின் தால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்து, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் விஸ்வநாதன் ஆனந்த். 2010-இல் உலகப் பட்டத்தைக் காக்க பல்கேரியாவின் சோஃபியா நகரத்துக்குப் போனார். எதிரே அந்நாட்டின் வெசலின் டோபலோவ். பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் ஐந்தரைப் புள்ளிகள். மே 11 அன்று பன்னிரண்டாவது ஆட்டம், கடைசி ஆட்டம். ஆனந்துக்குக் கறுப்பு.

அவர் ஆடிய தொடக்கத்தில் கறுப்பின் சி8 பிஷப் எப்போதுமே தலைவலி. ஈ6-இல் நிற்கும் சொந்தச் சிப்பாயே அதன் வழியை மறிக்கும். ஆனந்த் மற்றச் சிறிய காய்களை ஒவ்வொன்றாகப் பரிமாறி முடித்தார். கறுப்பிடம் மிஞ்சிய ஒரே சிறிய காய் இந்தப் பிஷப்தான். அதற்கு வேலை தேடினார். 19-ஆவது நகர்வில் பி7. பிறகு ஏ6. பிறகு வெள்ளையின் பகுதிக்குள்ளேயே டி3. அங்கிருந்து மறுபடி ஏ6, மறுபடி பி7. வெள்ளைக் குதிரை வந்து விரட்டியபோது 28-ஆவது நகர்வில் மூலையிலுள்ள ஏ8. ஆறு முறை இடம் மாறிய பிறகு அந்தப் பிஷப் மூலையில் போய் உட்கார்ந்தது.

பார்ப்பவருக்கு வீண் அலைச்சலாகத் தோன்றும். ஆனால் ஏ8-இலிருந்து எச்1 வரை ஓடும் நீண்ட மூலைவிட்டத்தில், ஜி2-இல், டோபலோவின் ராஜா நின்றுகொண்டிருந்தது. 30-ஆவது நகர்வில் வெள்ளை ஈ4-இல் சிப்பாயை வைத்து அந்த வழியை அடைத்தது. ஆனந்த் உடனே எஃப்5 ஆடி அந்தச் சிப்பாயைச் சீண்டினார். அது எஃப்5-ஐ வெட்டி நகர்ந்ததும், தன் ஈ5 சிப்பாயை ஈ4-க்குத் தள்ளிப் பலி கொடுக்க நீட்டினார். டோபலோவ் தன் எஃப்3 சிப்பாயால் அதை வெட்டினார். அந்த ஒரு வெட்டில் மூலைவிட்டத்தின் கதவு திறந்தது. கறுப்பு ராணி ஈ4-இல் செக்கோடு வந்து நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் மூலையில் பிஷப். வெள்ளை ராஜா எச்3-க்கு வெளியே ஓடியது. வெள்ளை ராணி சி1-இல், ஒரு யானை ஏ3-இல். காப்பாற்ற வேண்டிய காய்கள் தொலைவில் கிடந்தன.

46-ஆவது நகர்வில் அதே பிஷப் ஏ8-இலிருந்து ஜி2 வரை நேராக இறங்கி, வெள்ளை ராணியை வெட்டியது. ஆனந்த் ஆறரைக்கு ஐந்தரை என்று பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

இந்த ஆட்டத்தை வகுப்பில் காட்டும்போதெல்லாம் பிள்ளைகளை அந்த ஒரு பிஷப்பை மட்டும் விரலால் தொடரச் சொல்வேன். வேலை கொடுப்பது என்றால் உடனே தாக்க அனுப்புவது என்று பொருளில்லை. எங்கே நின்றால் ஒருநாள் கதவு திறக்கும் என்று பார்த்து நிறுத்தி வைப்பதும் வேலைதான். பிறகு அந்தக் கதவைத் திறக்கச் சிப்பாய்களை ஏவ வேண்டும். பிஷப் மட்டும் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எஃப்5, ஈ4 என்ற இரண்டு சிப்பாய் நகர்வுகள்தான் அதற்கு வழி விட்டன.

மூன்றாம் கேள்வி: சிப்பாய்கள் எந்த வழியைத் திறக்கின்றன, எதை அடைக்கின்றன?

தாராவியின் சந்துகளில் நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிப்பாய்கள் சுவர்கள். மற்றக் காய்கள் அந்தச் சுவர்களுக்கு நடுவே போய்வருகிறவை. யானை ஒரு லாரி. அதற்கு அறுபது அடி ரோடு, தொண்ணூறு அடி ரோடு போல நேரான அகலவழி வேண்டும். பிஷப் குறுக்குச் சந்தில் ஓடும் சைக்கிள். குதிரை மட்டும்தான் சுவர் தாண்டும். சுவர்கள் எப்படி நிற்கின்றன என்று பார்த்தாலே எந்த வண்டியை எங்கே விடலாம் என்பது தெரிந்துவிடும். பிரெஞ்சு இசையமைப்பாளரும் தன் காலத்தின் முதன்மை ஆட்டக்காரருமான பிலிடோர், 1749-லேயே சிப்பாய்களை மையமாக வைத்து ஒரு நூல் எழுதினார். அதற்குக் காரணம் இருக்கிறது: எல்லாக் காய்களும் பின்வாங்கலாம், சிப்பாயால் முடியாது. தள்ளிய சிப்பாய் தள்ளியதுதான்.

நடைமுறையில் நான்கைக் கவனியுங்கள்.

திறந்த வரிசை. இரு தரப்புச் சிப்பாய்களும் இல்லாத நெடுவரிசை இருந்தால் யானையை அங்கே கொண்டுவாருங்கள். முடிந்தால் இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்துங்கள். ஏழாவது வரிசைக்குள் நுழைந்த யானை, எதிராளியின் சிப்பாய்களைப் பக்கவாட்டில் வாரும்.

தனிச் சிப்பாய். இருபுறமும் துணையில்லாத சிப்பாயை வேறு சிப்பாய் காக்க முடியாது. பெரிய காய்தான் காவல் நிற்க வேண்டும். எதிராளிக்கு அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதன் முன்கட்டத்தில் குதிரையை நிறுத்துங்கள். பிறகு தாக்குங்கள்.

திண்ணை. எதிராளியின் எந்தச் சிப்பாயாலும் விரட்ட முடியாத, உங்கள் சிப்பாய் காக்கிற கட்டத்தை எங்கள் வகுப்பில் திண்ணை என்போம். ஐந்தாவது, ஆறாவது வரிசையில் திண்ணை கிடைத்த குதிரை யானைக்கு ஈடாக வேலை செய்யும்.

ராஜாவின் வாசல். கோட்டைக்கு முன்னால் நிற்கும் மூன்று சிப்பாய்களை அவசியமில்லாமல் தொடாதீர்கள். அந்தப் பையன் ஜி2 சிப்பாயைத் தள்ளியது ‘ஏதாவது ஆட வேண்டுமே’ என்பதற்காக. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் இரண்டாம் கேள்விக்குத் திரும்புங்கள்.

பரிமாற்றம்: வெட்டுப்பட்டதைப் பார்க்காதீர்கள், மிஞ்சுவதைப் பாருங்கள்

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். நடு ஆட்டத்தில் இது மட்டும் போதாது. மூன்றுக்கு மூன்று என்று வெட்டிக்கொள்ளும் முன், பலகையில் மிஞ்சப் போவது என்ன என்று கேளுங்கள். உங்கள் சோம்பேறிப் பிஷப் போய் அவருடைய திண்ணைக் குதிரை போகிறது என்றால் லாபம். உங்களுடைய நல்ல குதிரை போய் அவருடைய அடைபட்ட பிஷப் போகிறது என்றால், எண்ணிக்கை சமமானாலும் நஷ்டம்.

ஒரு காய் கூடுதலாக வைத்திருப்பவர் பெரிய காய்களைப் பரிமாறலாம். நெருக்கடியில் மாட்டியவர் பரிமாறலாம். சின்ன அறையில் ஆள் குறைந்தால் மூச்சு விடலாம். தாக்கிக்கொண்டிருப்பவர் மட்டும் பரிமாற அவசரப்படக் கூடாது.

தாக்குதல் எப்போது?

இரண்டு கணக்குப் போடுங்கள். எதிரி ராஜாவைச் சுற்றி உங்கள் காய்கள் எத்தனை வர முடியும். அவருடைய காவல்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். உங்கள் எண்ணிக்கை கூடுதலாக இல்லாமல் தொடங்காதீர்கள். அடுத்து, பலகையின் நடுப்பகுதி சிப்பாய்களால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் ஓரத்தில் தாக்கலாம். திறந்திருந்தால், நீங்கள் ஓரத்தில் சிப்பாய் தள்ளும் நேரத்தில் அவர் நடு வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்துவிடுவார்.

ஆடு புலி ஆட்டத்தில் நடுப்பகுதி

செஸ் பலகை இல்லாத வீட்டிலும் இந்தப் பாடத்தைக் கற்பிக்கலாம். தரையில் சாக்பீஸால் 23 புள்ளிகள் கொண்ட ஆடு புலிக் கட்டத்தை வரையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் அத்தனையும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகர முடியாது. கடைசி ஆடு இறங்கியதும் நடு ஆட்டம் தொடங்குகிறது.

புலி தாண்டி வெட்ட, ஆட்டுக்குப் பின்னால் நேர்கோட்டில் ஒரு காலிப் புள்ளி வேண்டும். ஆகவே ஆடு ஆடுபவர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் இந்த ஆட்டை நகர்த்தினால் எந்தப் புள்ளி காலியாகிறது? நகர்த்திய இடத்தைப் பார்ப்பவர் தோற்கிறார். விட்டுவந்த இடத்தையும் பார்ப்பவர் புலியை அடைக்கிறார். தாயத்திலும் ஆடு புலியிலும் தேறிய பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் செஸ்ஸுக்கு வரும்போது, சிப்பாயைத் தள்ளத் தயங்குவதைக் கவனித்திருக்கிறேன். அந்தத் தயக்கம் நல்லது.

சுடோகுவிலும் இதே கதைதான். 81 கட்டங்களில் எளிதானவை நிரம்பியதும் கை நிற்கும். அங்கே ஊகித்து எண் போடாதீர்கள். காலியிடம் மிகக் குறைவாக உள்ள வரிசையையோ பெட்டியையோ தேர்ந்து, அங்கே வரக்கூடிய எண்களைப் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். புதிரும் ஆட்டமும் நடுவில் கேட்பது ஒன்றே: பொறுமையான கணக்கெடுப்பு.

புதிர் தீர்ப்பவர் ஆட்டத்தில் ஏன் தோற்கிறார்

செஸ் புதிர்களுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1814-இல், பம்பாயில், ஒரு செஸ் நூல் அச்சாயிற்று. சம்ஸ்கிருதத்திலிருந்து அதை ஆங்கிலத்தில் தந்தவர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்ப அமைத்த அந்த நூலில் பெரும்பாலும் தீர்க்க வேண்டிய நிலைகளே. கற்பவரின் நினைவாற்றலுக்கும் ஆட்டத்துக்கும் பயிற்சி தருவதே அவர் நோக்கம். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு நம் பிள்ளைகள் செம்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியில் செய்வதும் அதையேதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. புதிரில் ‘இங்கே ஒரு வெற்றி இருக்கிறது’ என்று யாரோ முன்பே சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. தினமும் ஐம்பது புதிர் தீர்க்கும் பிள்ளை ஆட்டத்தில் ராணியைப் பலி கொடுத்துத் தோற்பதற்குக் காரணம் இதுதான். இல்லாத வெற்றியைத் தேடுகிறது. ஆகவே புதிர்களோடு, வெற்றி எதுவும் ஒளிந்திராத சாதாரண நிலைகளையும் கலந்து கொடுங்கள். ‘இங்கே தாக்குதல் ஒன்றும் இல்லை, இந்த யானையை டி1-க்குக் கொண்டுபோவேன்’ என்று பிள்ளை சொன்னால் முழு மதிப்பெண் போடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. நீங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுங்கள். 12-ஆவது நகர்வில் நிறுத்துங்கள். உங்கள் காய் ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் வேலையை ஒரு சொல்லில் எழுதுங்கள்: காவல், தாக்கு, வழிமறிப்பு. சொல் கிடைக்காத காய்தான் அடுத்து நகர வேண்டியது.

2. அதே ஆட்டத்தில் எதிராளியின் நகர்வுகளை மட்டும் ஆடி, ஒவ்வொன்றுக்கும் ‘எங்கே இறங்கப் போகிறார்’ என்று உரக்கச் சொல்லுங்கள். போட்டியின்போது தாளில் யோசனைக் குறிப்புகள் எழுத விதி அனுமதிக்காது. அதனால் இந்தப் பழக்கம் மனதிலேயே ஊற வேண்டும்.

3. பலகையில் ராஜாக்களையும் சிப்பாய்களையும் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். எந்த வரிசை திறந்திருக்கிறது, திண்ணை எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு காய்களைத் திரும்ப வையுங்கள்.

4. சோஃபியாவின் பன்னிரண்டாவது ஆட்டத்தைத் தேடி எடுத்து, 31-ஆவது நகர்வு முடியும்வரை ஆடுங்கள். அங்கே நிறுத்தி, வெள்ளைக்காக நீங்கள் யோசியுங்கள். ஈ4 சிப்பாயை வெட்டாமல் வேறு என்ன ஆடலாம் என்று ஒரு மணிநேரம் செலவிட்டாலும் அது வீண் போகாது.

5. வீட்டில் பெரியவர் ஒருவரோடு ஆடு புலி ஆட்டம் மூன்று முறை. மூன்றிலும் நீங்கள் ஆடு.

அந்தப் பையன் மறு ஞாயிறு வந்தான். மறுபடி பதினோராவது நகர்வில் கை நின்றது. இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு காயாகப் பார்த்துக்கொண்டே போனான். ஏ1-இல் அவன் பார்வை நின்றது.